மச்சானின் சந்தூக்குத் தோணி

அந்தத் தோணி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது தார்ப் பீப்பாய்களின் மேல் படுத்துக்கொண்டு. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். றோட்டு வேலைத் திணைக்களத்தின் லொறி பின்பக்கமாகக் குறுகலான ஒழுங்கைக்குள் நுழைந்து, எங்கள் கிடுகு வேலியில் ஒரு பாகத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. பீப்பாய்களுக்கு மேலே, கயிற்றால் வரிந்து கட்டப்பட்டு, தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒன்று கிடந்தது. இரண்டு முனையும் கூர். மேற்பக்கம் முழுக்க மூடி, நடுவில் மட்டும் ஓர் ஆள் இடுப்புவரை இறங்கி உட்காரக்கூடிய ஓட்டை. லொறியின் முன் ஆசனத்திலிருந்து, முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக மச்சான் இறங்கினார்.

மச்சான் என்று நான் சொல்வது என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவரை. சம்மாந்துறையில் வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவர். பொத்துவில் பக்கம் றோட்டு ஓவசியராக வேலை. கிழமை நாட்களில் அங்கே தங்கிவிட்டு, லீவு கிடைக்கும்போது கல்முனைக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். அந்தக் காலத்தில் பொத்துவில் கடலுக்கு அலையில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அப்படி வந்த ஒருவனின் வேன் மணலில் அச்சுவரை புதைந்துவிட, மச்சான்தான் திணைக்களத்து உழவு மெசினைக் கொண்டுபோய் இழுத்து வெளியே எடுத்திருக்கிறார். அவன் நாட்டுக்குத் திரும்பும்போது விமானத்தில் ஏற்ற முடியாத இந்தத் தோணியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கயாக் என்று அதற்குப் பெயராம்.

எங்கள் ஒழுங்கை அந்தப் பெயரை அந்தி மஃரிப்வரைகூட வைத்திருக்கவில்லை. இறந்தவரின் மையத்தைச் சுமந்துபோகிற சந்தூக்குப் பெட்டிபோல நீளமாக, மூடியோடு இருக்கிறதென்று யாரோ ஒரு வாய்க்கொழுப்புக்காரன் சொல்லிவிட்டான். இராத்திரி இஷா தொழுகை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் அது ‘ஓவசியர்ட சந்தூக்கு’ என்று ஊர் முழுக்கப் பதிவாகிவிட்டது. மச்சானுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு. “சந்தூக்குல ஏறுறவன் துடுப்புப் போடமாட்டான் தம்பிமார், நான் போடுவன்” என்று கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா சிரிக்கவில்லை. எங்கள் வாப்பாவுக்குச் சந்தூக்கு கிடைக்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. கடல் பொங்கிய நாளில் அல்ல. கச்சான் காற்று வீசி, கடல் தட்டாகக் கிடந்த ஒரு காலையில். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பள்ளிவாசலில் மையத்து இல்லாமலேயே தொழுகை நடத்தினார்கள். அன்றிலிருந்து உம்மா கடற்கரைப் பக்கம் கால் வைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு எட்டி நடந்தால் கொஞ்ச நேரம்தான், இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாழ்ந்துவிட்டார். ராத்தாவைக் கேட்டு வந்த கடல் தொழில்காரர் ஒருவரையும் வாசலுக்கு எடுக்கவில்லை. “என்ட புள்ளைக்கு மண்ணில நடக்கிற மாப்பிள்ளைதான்” என்று சொல்லி, தேடித் தேடி கடல் எட்டாத வயல்காடான சம்மாந்துறையில் பிடித்த மாப்பிள்ளை இவர். கடலே தெரியாத ஆள் என்ற ஒரே தகுதிக்காகப் பிடித்தது. அந்த ஆள் இப்போது லொறியில் கடல் தோணியோடு வந்து நிற்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, கிணறும் தென்னையும் பெண்ணுக்கு. அப்படி வந்த மாப்பிள்ளையின் முன்னால் மாமியார் வரமாட்டார். முகம் கொடுத்துக் கதைக்கவும் மாட்டார். ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காக இருப்பார்கள், ஒரு வார்த்தை நேராகப் போகாது. உம்மா கதவுத் திரைச்சீலை மறைவில் நின்று, “செல்லு புள்ள அவருக்கு” என்று தொடங்குவார். மச்சான் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்து, “மாமிக்குச் செல்லுங்க” என்பார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நடுவில் ஒருவர் நின்று திருப்பிச் சொன்னால்தான் அது சொன்ன கணக்கு.

வழக்கமாக அந்த வேலை ராத்தாவுடையது. ஆனால் ராத்தாவுக்கு அப்போதுதான் முதல் பிள்ளை கிடைத்திருந்தது. நாற்பது கழியாத பச்சை உடம்புக்காரி அறையை விட்டு வெளியே வரக்கூடாது. எனவே மச்சி, அதாவது மனைவியின் தங்கை, என்ற முறையில் தபால் வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது புதிதாக ஆசிரியை நியமனம் கிடைத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தத் தபாலை என்னைப்போல் யாரும் திறமாகக் கொண்டுபோயிருக்க முடியாது. உம்மா பத்துச் சொல் ஏசினால் மூன்றுதான் மறுபக்கம் போகும், அதுவும் சீனி போட்டு. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதால் நான் செய்த மாற்றங்களும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் முறைப்படி என் வாயால் வந்ததைத்தான் இருவரும் கேட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் எனக்கு இருந்த அதிகாரம் பள்ளிக்கூட அதிபருக்குக்கூட இருக்கவில்லை.

அன்றைக்கும் உம்மா தொடங்கினார். “செல்லு புள்ள அவருக்கு. இந்த ஊட்டு மாப்பிள்ளைமாருக்குக் கடல் இல்ல. அந்தச் சாமானக் கொண்டுவந்த லொறியிலயே ஏத்தி அனுப்பட்டாம். முத்தத்தில சந்தூக்கக் கிடத்திப்போட்டு எனக்குச் சோறு இறங்குமா எண்டு கேளு.”

நான் முற்றத்துக்கு வந்து, “மச்சான், உம்மா கொஞ்சம் யோசிக்கிறா. வெயிலுக்குள்ள வந்திங்க, முதல்ல தேசிக்காய்த் தண்ணி குடிக்கட்டாம்” என்றேன்.

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு, “மாமிக்குச் செல்லுங்க மச்சி. எனக்குத் தொழில் செய்யிற எண்ணம் இல்ல. ஒரேயொரு பால்சுறா புடிச்சுக்கிட்டு வந்தாப் போதும், அதுக்குப் பிறகு இத ஆருக்கும் குடுத்திருவன்” என்றார்.

பால்சுறா, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கிற சின்னச் சுறா. அதை அவித்து உதிர்த்து, மஞ்சளும் உள்ளியும் போட்டு வறுத்துக் கொடுப்பார்கள். சந்தையில் வாங்கலாம், உம்மா வாங்கிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். மச்சானின் மனக்குறை அதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் அவர் உட்காருகிற கதிரை உம்மாவுடையது, குளிக்கிற தண்ணீர் உம்மாவின் கிணற்றுத் தண்ணீர். சம்பளத்தில் அவர் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் உம்மா ராத்தாவின் கையில் திருப்பிக் கொடுத்து, “புள்ளைக்கு வெச்சிக்க” என்றுவிடுவார். மாமி வீட்டுச் சோறு என்று கந்தோரில் கேலி செய்கிறார்களென்று ராத்தாவிடம் சொல்லியிருக்கிறார். பெற்றவளின் வாய்க்கு ஒரு மீனையாவது தன் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்று ஒரு மனிதருக்குத் தோன்றுவது பிழையா? எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. உம்மாவின் பயமும் பிழையாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் எங்கள் கடலில் யாரும் தோணி இறக்கமாட்டார்கள். தொழுது சாப்பிட்ட பிறகு மச்சான் கயாக்கை இறக்கினார். கடற்கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. சம்மாந்துறையான் கவிழ்வதைப் பார்க்க வந்த கூட்டம் அது, மறைக்க என்ன இருக்கிறது. மாரி வெள்ளத்தில் குளத்து வள்ளம் விட்டுப் பழகிய கைகள் அவருடையவை என்பது யாருக்கும் தெரியாது. முதல் அலை அவரை மூடியது. எல்லோரும் சிரிக்க வாயெடுத்தபோது அலைக்கு அந்தப் பக்கம் தோடம்பழ நிறம் நிமிர்ந்து வந்தது. இரண்டு நுனியிலும் தகடு வைத்த அந்தத் துடுப்பை இடமும் வலமுமாகப் போட்டுக்கொண்டு அவர் போன போக்கில், கரைவலை இழுக்கிறவர்களின் தலைவரான தண்டயல் காக்கா வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, “போறான்டா” என்றார். அந்த ஆள் வாயால் அவ்வளவு வருவதே பெரிய பாராட்டு.

தங்கூசித் தூண்டில் நூலும் இறால் இரையும்தான் ஆயுதம். மஃரிப் பாங்குக்கு முன் கீரி மீனும் இரண்டு சின்னப் பாரையுமாகக் கரைக்கு வந்தார். பால்சுறா இல்லை. நான் அந்த மீன்களைக் கொண்டுவந்து குசினியில் வைத்தேன். உம்மா ஏறிட்டுப் பார்க்கவில்லை. நானே வெட்டி, நானே ஆக்கினேன். உம்மா அன்றிரவு வெறும் சம்பலோடு சோறு சாப்பிட்டார். அறைக்குள்ளிருந்த ராத்தா, கணவன் பிடித்த மீனென்று சிரித்துச் சிரித்துத் தின்றாள்.

படுக்கப் போகும்முன் உம்மா முற்றத்தில் இறங்கி மேற்கே பார்த்து நின்றார். பிறகு கதவு மறைவுக்கு வந்து, “செல்லு புள்ள. விடியக் கச்சான் எழும்பும். நாளைக்குக் கடல் வேணாம்” என்றார். அன்றைக்கு நான் ஒரு சொல்லையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அப்படியே சொன்னேன். மச்சான் சிரித்தார். “கச்சான் நல்ல காத்துத்தானே மச்சி. அது இல்லாட்டி நாங்க என்னெண்டு நெல்லுத் தூத்துற?” என்றார்.

இது கடலில் பிறந்த ஒருவன் விடமாட்டாத பிழை, வயலில் பிறந்தவன் மட்டுமே விடக்கூடிய பிழை. சம்மாந்துறைக்குக் கச்சான் என்றால் பொலி தூற்றும் காற்று. சிறுபோகம் அறுத்துச் சூடடித்துவிட்டு அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். வந்தால் பதர் ஒரு பக்கம் பறக்கும், நெல் காலடியில் விழும், களத்தில் ஆட்கள் சந்தோசப்படுவார்கள். எங்களுக்கோ அது தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிற காற்று. அலையை அமுக்கிக் கரையோரத்தைக் குளம்போல ஆக்கி வைத்திருக்கும். இறங்குகிறவனுக்குச் சுகமாக இருக்கும். திரும்பிவரும்போதுதான் அதன் குணம் தெரியும்.

சனிக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு மச்சான் போயிருக்கிறார். கடல் தட்டாகக் கிடந்ததைப் பார்த்து மாமியின் பயத்தை நினைத்துச் சிரித்ததாகப் பிறகு அவரே சொன்னார். நான் எழும்பிப் பார்த்தபோது வளவுத் தென்னைகளின் ஓலையெல்லாம் கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றன. முகத்தில் அனல்போலக் காற்று. உம்மா கயாக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றார். ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே யாரோ ஓடிக்கொண்டே, “ஓவசியர் போயிட்டார், கச்சான் இழுத்துட்டுது” என்று கத்தியது கேட்டது. அறைக்குள் ராத்தா எழும்பி உட்கார்ந்தாள். உம்மா அவளிடம், “நீ எழும்பாத, புள்ளையப் பாத்துக்க” என்றார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிப் படலையைத் திறந்தார். செருப்புப் போடவில்லை. எந்தப் பக்கம் போகிறாரென்று எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. அவ்வளவு காலமாக அந்தத் திசையில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

கரைவலை பாதி இழுபட்டுக் கிடந்தது. இரண்டு கயிற்றிலும் ஆண்கள். வெள்ளைச் சேலையோடு உம்மா மணலில் இறங்கி வருவதைக் கண்டதும் இழுவைப் பாட்டு நின்றது. அந்த ஊரில் அவர் யாரென்று தெரியாதவர் இல்லை. தூரத்தில், கரைவலையின் எல்லைக்கும் அப்பால், தோடம்பழ நிறத்தில் ஒரு புள்ளி. துடுப்பு ஏறி இறங்குவது தெரிந்தது. ஆனால் புள்ளி பெரிதாகவில்லை. தண்டயல் காக்கா ஏற்கெனவே வலைத்தோணியைத் தண்ணீருக்குத் தள்ள ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடுப்பு ஏறி இறங்குவது நின்றுவிட்டது.

உம்மா தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால், பிறகு இடுப்பு. நான் பின்னால் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்தேன். தட்டிவிட்டார். கையிரண்டையும் வாயில் குவித்து வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு முன்னால், தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

“மகன். மகன், இஞ்சால வாங்க. விட்டுறாதிங்க மனே. புள்ள அழுவுது, ஊட்ட வாங்க.”

செல்லு புள்ள இல்லை. நடுவில் நான் இல்லை, கதவு இல்லை. மச்சானை வெளியே தள்ளிக்கொண்டிருந்த அதே கச்சான்தான் உம்மாவின் முதுகுப்பக்கமிருந்து வீசியது. அந்தக் குரலையும் அதுவே கொண்டுபோனது. உம்மா நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, மகன், மகன் என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். வாப்பாவுக்குக் கூப்பிடக் கிடைக்காததையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாரென்று நான் நினைக்கிறேன். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துடுப்பு மறுபடி ஏறியது. இறங்கியது. ஏறியது.

பிறகு மச்சான் சொன்னது இது. கை மரத்துப்போய், முடிந்துவிட்டதென்று நினைத்துக் கலிமாவை ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்போது ஒரு பெண் குரல் கேட்டதாம். கதவுக்குப் பின்னாலிருந்து வருடக்கணக்காகக் கேட்ட குரல் அல்லவா, உடனே ஆள் தெரிந்துவிட்டது. “மாமி என்னோடதான் கதைக்கிறா எண்டு விளங்கினதும், போகாம இருக்கிறது மரியாதையில்லை எண்டு வந்தன்” என்பார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பார். வலைத்தோணி போய் அவரை எட்டியபோது தண்டயல் காக்கா கையை நீட்டி ஏறச் சொன்னாராம். மச்சானோ, கயிற்றை மட்டும் போடுங்கள் என்று வாங்கித் தன் தோணியில் கட்டிக்கொண்டு, இழுபட்டுக்கொண்டும் தானும் துடுப்புப் போட்டுக்கொண்டும்தான் கரைக்கு வந்தார். வந்து, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து இரத்தம். அந்தக் கையைத் தோணியின் ஓட்டைக்குள் விட்டு, வாலில் பிடித்து ஒரு பால்சுறாவை வெளியே எடுத்தார். உயிர் போகிற நேரத்திலும் பாரம் என்று அதைக் கடலில் எறியவில்லை, பாருங்கள்.

உம்மா நேரே வந்து அவர் முன்னால் நின்றார். சேலையிலிருந்து கடல் வடிந்தது. கலியாணமாகி அன்றுவரை சேர்ந்திருந்த ஏச்சு முழுவதும் அங்கே, அந்த மணலில், நேருக்கு நேராக வந்தது. கச்சான் என்ன காற்றென்று தெரியாத நீயெல்லாம் ஓவசியரா என்பதிலிருந்து, வந்த முதல் நாள் தேநீரைக் குடிக்காமல் வைத்ததுவரை ஒன்றும் மிச்சமில்லை. சீனி போட ஆளில்லாமல் நான் பக்கத்தில் நின்றேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் மாமி, ஓம் மாமி” என்று மட்டும் சொன்னார். ஏசி முடிந்ததும் உம்மா குனிந்து பால்சுறாவைத் தன் கையால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவரே அவித்து, உதிர்த்து, வறுத்து ராத்தாவுக்குக் கொடுத்தார். சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தன் வாயிலும் போட்டதை நான் கண்டேன்.

ஒழுங்கையில் சில பெண்கள் வாய் வைக்காமல் இல்லை. மருமகனுக்கு முன்னால் முகம் திறந்து சத்தம் போட்ட பொம்பிளை என்றார்கள். உம்மாவின் காதுக்கும் வந்தது. “கடலுக்குக் கேக்கக் கூப்பிட்டவள் இனிக் கதவுக்குப் பின்னால போய் என்னத்துக்கு?” என்று கேட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தத் திரைச்சீலை வெறும் துணி. இன்றைக்கு என் மருமகன் குசினிக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்து, “மாமி, உப்புக் கொஞ்சம் கூடிட்டு” என்கிறான். அவனுக்கு இது பெரிய விசயமில்லை. எங்கள் ஒழுங்கையில் இதற்கு முதல் வழி விட்டது எங்கள் உம்மா என்பதில் எனக்கு இருக்கிற பெருமையை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உப்பைப் பற்றித்தான் பதில் சொல்கிறேன்.

அடுத்த கிழமை மச்சான் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கயாக்கைத் தொடவேயில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாக்கால் மூடி வைத்துவிட்டார். உம்மா முற்றத்துக்கு வந்து அவரையே கேட்டார், “ஏன் மகன் அத மூடிக் கிடத்தியிருக்கிங்க?” பால்சுறா கிடைத்துவிட்டது, சொன்னபடி யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றார் மச்சான். உம்மா சாக்கை இழுத்து ஒரு பக்கம் போட்டார். “குடுக்க வேணாம். கச்சான் அடங்கினாப் பிறகு போங்க. நான் வந்து நிக்கிறன்” என்றார்.

சொன்னபடி வந்து நின்றார். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வருடமும் அடுத்த வருடமும் மச்சான் லீவில் வருகிற நாட்களில் எல்லாம். வெள்ளைச் சேலையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, தோடம்பழ நிறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பார். இடையில் எழும்பிக் கைகாட்டுவார், மச்சான் அந்தத் தூரத்திலிருந்து துடுப்பை உயர்த்திக் காட்டுவார். அப்படி ஒரு நாள், மீன் எடுக்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவன் கடலைப் பார்த்துவிட்டு, “அதென்ன தோணி? வெள்ளைக்காரனா போறான்?” என்று பொதுவாகக் கேட்டான். கரைவலைக்காரர் ஒருவர், “இல்ல, சம்மாந்துறையான்” என்று சிரித்தார்.

உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கண் கடலிலேயே இருந்தது. “வெள்ளைக்காரனுமில்ல, சம்மாந்துறையானுமில்ல” என்றார். “என்ட மகன்.”